ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறா, டீச்சர்

ஜனவரி 5, திங்கள்

சிவகாசியில் காலண்டர், டைரி அச்சடிக்கிறவர்களுக்கு டிசம்பரோடு சீசன் முடிந்துவிடும். என் வீட்டுக்காரர் ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிறார். சீசன் முடிந்த கையோடு, அட்டை தலைகீழாக ஒட்டப்பட்ட டைரி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டி, "ஏ மாரி, இதுல என்னமும் எழுது. வாய்க்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடு" என்றார். என் வாயைப் பற்றி இவருக்கு அப்படி ஓர் எண்ணம். சரி, எழுதுகிறேன். இவரைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் மாரீஸ்வரி. இவர் காளிராஜ். மகள் மித்ராஸ்ரீ, வீட்டில் மித்து. சித்திரை வந்தால் மூன்று வயது. அதே காம்பவுண்டில் பக்கத்து வீட்டில் இவருடைய அக்கா வீரலட்சுமி மதினி. மதினியின் மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். அதனால் மதினிக்கு முழுநேர வேலை எங்கள் வீடுதான்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவள் மித்து. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம் எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, என்னா கொழுகொழுன்னு இருக்கா" என்றார். அன்று சாயங்காலமே காய்ச்சல். ஏழு நாள் ஆஸ்பத்திரியில் பிள்ளையை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றேன். அப்போது மதினி போட்ட சட்டம்தான் இன்றைக்கும் நடக்கிறது. பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. யாராவது கேட்டால், ஒன்றுமே சாப்பிடுவதில்லை, இளைத்துவிட்டாள், ஒரு வேலையும் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். நான் பி.காம் படித்தவள்தான். அந்த ஏழு நாளில் பி.காம் எதற்கும் உதவவில்லை.

ஜனவரி 8

காலையில் மித்து மூன்று இட்லி, அரை டம்ளர் பால், இவருடைய தட்டிலிருந்து ஒரு வடை. பதினொரு மணிக்கு மறுபடி பசி. மாடிவீட்டு அக்கா கேட்டதற்கு, "ரெண்டு நாளா பச்சத்தண்ணி பல்லுல படல அக்கா" என்றேன். அப்போது மித்து என் பின்னால் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். மாடிவீட்டு அக்கா பழத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அவரும் இரண்டு பிள்ளை பெற்றவர்.

கார்த்திகையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்த சளி ஒருவழியாக நின்றது. மூக்கு மட்டும் இன்னும் அடைப்புதான், வாயைத் திறந்தபடிதான் தூங்குகிறாள். மதினி எண்ணெய் காய்ச்சி இரண்டு காதிலும் ஊற்றினார்கள். "குளுந்து கிடக்கட்டும்" என்றார்கள். காய்ச்சிய எண்ணெய் எப்படிக் குளிரும் என்று நான் கேட்கவில்லை. மதினியிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, சிவபுராணம் மாதிரி நீளமாக வேறு ஒன்று வரும்.

ஜனவரி 11

பிடிவாதம் என்றால் பிடிவாதம். அப்படியே அப்பா. அடுப்படியிலிருந்து ஐந்து தடவை கூப்பிட்டேன், அசையவில்லை. பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே இருந்தாள். கிட்டே போய்த் தோளைத் தொட்டால் ஒன்றும் தெரியாதவள் மாதிரி சிரிக்கிறாள். டிவியில் சத்தத்தைக் குறைத்தால் கூட்டுகிறாள், கூட்டினால் இன்னும் கூட்டுகிறாள்.

ஆனால் என் மேல் பாசம் கொஞ்சநஞ்சமல்ல. நான் பேசினால் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் கேட்பாள். முகத்தை விட்டுக் கண் எடுக்க மாட்டாள். இப்படிப் பாசமான பிள்ளை இந்தத் தெருவிலேயே கிடையாது. இதை டைரியில்தானே எழுதுகிறேன், டைரிக்கு ஏது கண்.

ஜனவரி 15, பொங்கல்

பானை பொங்கியதும் காம்பவுண்டுப் பயல்கள் பத்தாயிரம்வாலா சரத்தைக் கொளுத்திவிட்டார்கள். மாடிவீட்டு அக்காவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. இவர் பாதி கரும்போடு வாசலைத் தாண்டி ஓடினார். மித்து பாயில் படுத்தவள் புரளக்கூட இல்லை.

அப்புறம் திரும்பி வந்து பிள்ளையைப் பார்த்தவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, சிவகாசிப் பிள்ளை. வெடிக்கெல்லாம் அசையுமா" என்று நெஞ்சை நிமிர்த்தினார். மதினி அவர் முதுகில் ஒன்று வைத்தார்கள். "நல்ல நாளும் அதுவுமா பிள்ளையப் பெருமை பேசுற, விளங்குமாடா" என்று சொல்லி உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டார்கள். மிளகாய் நெடி வந்ததா வரவில்லையா என்று அரை மணி நேரம் பட்டிமன்றம். மதினி வரவில்லை என்றார்கள். இருமிக்கொண்டே சொன்னார்கள்.

ஜனவரி 21, புதன்

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அங்கன்வாடி ஜெசிந்தா டீச்சர் வீடு வீடாக வருகிறார் என்று முன்பே தெரியும். தராசு ஒன்றை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு வருவார். குரல் தெருமுனையிலேயே கேட்கும். எடை போட்டார். பதிமூன்றே முக்கால் கிலோ. "நல்லாத்தான இருக்கா. என்ன சாப்பிடுறா?" என்றார்.

"ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறா, டீச்சர்."

"ஒண்ணுமே சாப்பிடாமயா பதிமூணேமுக்கா கிலோ?"

"அவுக அப்பா சைடு எலும்பு கனம் டீச்சர்" என்று மதினி உள்ளேயிருந்து உதவிக்கு வந்தார்கள்.

டீச்சர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். மூன்று வயதுக்குள் பிள்ளை என்னென்ன செய்ய வேண்டும் என்று கேள்விகள் வைத்திருந்தார். மேலே ஏறுவாளா என்றார். தரையில் நடக்கவே தடுமாறுகிறாள் என்றேன். அந்த நேரம் பார்த்து மித்து கிரைண்டர் மேல் ஏறி, அங்கிருந்து அலமாரியின் இரண்டாம் தட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். டீச்சருக்கு முதுகுப் பக்கம் என்பதால் தப்பித்தேன். இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவாளா என்றார். வாயே திறக்க மாட்டாள் என்றேன். மேலேயிருந்து, "அம்மா, தக்கர வேணும்" என்று குரல் வந்தது. சர்க்கரை டப்பாவைக் கண்டுவிட்டாள்.

"யாரு பேசுனது?" என்றார் டீச்சர்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை" என்றார்கள் மதினி. பக்கத்து வீடு மதினியுடையதுதான். அங்கே பிள்ளை ஏது.

கடைசியில், "பின்னால நின்னு பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாப்பாளா?" என்று கேட்டார்.

இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி நாக்கு அந்தத் தடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. "பாக்கவே மாட்டா டீச்சர். தொண்ட கிழியக் கத்தணும்" என்றேன். சொன்னவற்றில் பெரிய பொய் இதுதான். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கிற பிள்ளையைப் பற்றி இப்படிச் சொல்ல எனக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.

டீச்சர் பேனாவை மூடினார். இதுவரைக்கும் கேலியாகப் பார்த்தவர் முகம் மாறியிருந்தது. "பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன். அடுத்த வெள்ளிக்கிழமை முகாம் இருக்கு. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

ஜனவரி 23

வீட்டில் மூன்று கட்சி.

இவர் கட்சி: "போயி உள்ளதச் சொல்லிட்டு வா. ஒரு மன்னிப்பு கேட்டா முடிஞ்சுது."

மதினி கட்சி: "அங்கன ஊருப்பட்ட கூட்டம் இருக்கும். அத்தன பேரு முன்னாடியும் எம்பிள்ளை நல்லாருக்குன்னு சொல்லுவாளாம்ல. சொல்லட்டும், சொல்லிட்டுக் கண்ணாடிப் பொட்டிக்கு வெளிய நிக்கட்டும்."

என் கட்சியில் நான் மட்டும்தான். எனக்குக் கொள்கை ஒன்றும் இல்லை. பயம் மட்டும் இருக்கிறது. டாக்டர் முன்னால் பொய் வெளியே வந்தால் ஜெசிந்தா டீச்சர் தெருவில் என் முகத்தில் விழிக்க மாட்டார். உண்மையைச் சொல்லிவிட்டு வந்து மித்துவுக்கு ஏதாவது ஆனால் நான் உயிரோடு இருக்க மாட்டேன்.

ஜனவரி 25

சத்துமாவு இரண்டு பாக்கெட் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார் டீச்சர். "பாவம், ஒண்ணும் சாப்பிடாத பிள்ளை" என்று தலையைத் தடவினார். மித்து உருண்டை பிடிக்கச் சொல்லி அழுது, ஐந்து உருண்டை தின்றாள்.

ஜனவரி 29

ஒரு வழி தோன்றிவிட்டது. நான் வாயே திறக்கப் போவதில்லை. மித்துவை அங்கே அவிழ்த்துவிட்டால் போதும், அவளே ஏறுவாள், ஓடுவாள், பேசுவாள். டாக்டர் தானாகப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். நன்றாக இருக்கிறாள் என்று நான் சொன்னதாகவும் ஆகாது. இந்த யோசனைக்கு இவர் என்னைப் பாராட்டினார். மதினி, கன்னத்தில் மட்டும் ஒரு பொட்டுக்கு இரண்டு பொட்டாக வைத்துவிடச் சொன்னார்கள்.

ஜனவரி 30, வெள்ளி

இவரும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். யோசனை நன்றாகத்தான் வேலை செய்தது. டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். காகிதத்தைப் பார்த்து, "நடக்கத் தடுமாறுவாளா?" என்று தலையை நிமிர்த்துவதற்குள் மித்து ஸ்டூல் மேல் ஏறி, மேஜையைத் தாண்டி, அவர் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்திருந்தாள். "இது தா" என்றாள். "பேச மாட்டாளா?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். ஒரு பிஸ்கட் கொடுத்தார். போயிற்று. இன்னொன்று கேட்டாள்.

"ஏம்மா, இதுல எழுதியிருக்க எல்லாமே பொய்யா?"

கூட்டத்துக்கு நடுவே வாயைத் திறக்க முடியாமல், ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். ஜெசிந்தா டீச்சர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "எங்கம்மாவும் இப்படித்தான். நான் டாக்டருக்குப் பாஸ் ஆனதையே ஒரு மாசம் கழிச்சுத்தான் வெளிய சொன்னாங்க" என்றார். நானும் சிரித்துவிட்டேன். கிளம்பலாம் என்று பையை எடுத்தேன்.

"கடைசிக் கேள்வியும் பொய்தானா? கூப்பிட்டா திரும்ப மாட்டான்னு சொன்னது?"

"அதுதான் டாக்டர் இருக்கதுலயே பெரிய பொய்."

மித்து எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா சாதாரணமாக, "மித்ராஸ்ரீ" என்றார். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டார். திரும்பவில்லை. "விளையாட்டுல இருந்தா அப்படித்தான் டாக்டர். பிடிவாதம், அவுக அப்பா மாதிரி" என்றேன். இவர் என்னை முறைத்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போகச் சொன்னார்.

அந்த அறையில் காது பார்க்கிற சார் ஒருவர். மித்து தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் மரக்கட்டை ஒன்றைக் கொடுத்தார். சத்தம் கேட்டால் கட்டையைக் கூடையில் போட வேண்டும். விளையாட்டு மாதிரிதான். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். சத்தம் எனக்குக் கேட்காது, ஆனால் சார் விரல் பொத்தானை அமுக்குவது எனக்குத் தெரிந்தது. அமுக்கும்போதெல்லாம் என் புருவம் தானாக மேலே போனது. மித்து கட்டையைப் போட்டாள். அமுக்கினார், போட்டாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. பார்த்தீர்களா என்று எனக்குள் ஒரு திமிர்.

சார் நிறுத்தினார். "அம்மா, நீங்க பிள்ளைக்குப் பின்னால போயி உக்காருங்க" என்றார்.

போய் உட்கார்ந்தேன். அவர் அமுக்கினார். மித்து கட்டையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தபடி காத்திருந்தாள். மறுபடி அமுக்கினார். காத்திருந்தாள். சார் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். எவ்வளவோ கூட்டிய பிறகுதான் ஒரு கட்டை விழுந்தது. அதற்கு முன்னால் அவள் கட்டையோடு திரும்பி என்னைத் தேடினாள். போடவா என்று கேட்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தாள்.

பாசம் என்று நான் நினைத்ததெல்லாம் என்ன என்று அந்த நிமிஷம் புரிந்தது. இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஜனவரி 31

என் வாய்தான் காரணம். கேட்காது கேட்காது என்று சொன்னேன், பலித்துவிட்டது. மதினியும் அதையேதான் நினைக்கிறார்கள், சொல்லவில்லை. மதினி ஒன்றைச் சொல்லாமல் இருந்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. மித்து மட்டும் எங்கள் இரண்டு பேர் பங்கையும் பார்த்துக்கொண்டாள்.

பிப்ரவரி 2, திங்கள்

பொறுக்க முடியாமல் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டேன். "நான் பொய் சொன்னதாலதான் இப்படி ஆச்சா டாக்டர்?"

அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். காதின் சவ்வுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கிறதாம். நாள்பட்ட சளிக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு இது வருமாம். வலிக்காது, சீழ் வராது, அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. கூப்பிட்டால் திரும்பாது, டிவியைக் கூட்டும், சில எழுத்து வாயில் வராது, எல்லாரும் பிடிவாதம் என்பார்கள். அவர் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுச் சொல்வது மாதிரி இருந்தது. பொங்கல் வெடியைச் சொன்னேன். "சிவகாசிப் பிள்ளைன்னு விட்டுட்டீங்களாக்கும்" என்றார்.

"நீங்க சொல்லி வரலம்மா. நீங்க சொல்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருச்சு. நீங்க அந்தப் பொய்யச் சொல்லலன்னா டீச்சர் எழுதியிருக்க மாட்டாங்க, நீங்களும் வந்திருக்க மாட்டீங்க."

நிறையப் பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடுமாம். வற்றாவிட்டால் சின்னக் குழாய் ஒன்று வைக்க வேண்டியிருக்கும். அதுவரை கேட்காமலே இருந்தால் பேச்சு பின்தங்கிவிடும். அதனால் வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். மூன்று மாதம். எனக்கு அது மட்டும்தான் காதில் நின்றது. பொய் சொன்னதற்கு அழுவதா, கற்பூரம் ஏற்றுவதா என்று தெரியாமல் பஸ் ஏறினேன்.

பிப்ரவரி 4

புதுச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. பிள்ளையிடம் பேசுகிறவர் கீழே உட்கார்ந்து, முகத்துக்கு நேராகப் பேச வேண்டும். பேசும்போது டிவி ஓடக் கூடாது. காதில் எண்ணெய் ஊற்றக் கூடாது, ஹேர்பின் விடக் கூடாது. வீட்டுக்குள் யாரும் புகை பிடிக்கக் கூடாது. கடைசியைச் சொன்னபோது இவரைப் பார்த்தேன். மொட்டை மாடியில் காயப்போட்ட துணியைத் தினமும் தானே எடுத்துவரும் அக்கறை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது என நினைத்திருந்தார்.

எண்ணெய்க் கிண்ணத்தை மதினியிடமிருந்து வாங்கி அடுப்படி மேல்தட்டில் வைத்துவிட்டேன். "எங்க காலத்துல எல்லாருக்கும் ஊத்துனோம். எங்களுக்கெல்லாம் காது கேக்கலயா?" என்றார்கள். "உங்களுக்கு வேணுங்கிறது மட்டும்தான கேக்குது அக்கா" என்றார் இவர்.

பிப்ரவரி 9

மூக்குக்கு உப்புத்தண்ணீர் மருந்து. தினமும் மூன்று வேளை. ஒரு சொட்டு மூக்கில், மூன்று சொட்டு என் சேலையில்.

பிப்ரவரி 17

இவர் ஆறடி. மித்துவிடம் பேச வேண்டுமென்றால் மண்டி போட வேண்டியிருக்கிறது. காலையில் "செருப்ப எடுத்துட்டு வா கண்ணு" என்று சொல்வதற்கு மண்டி போட்டார், அவள் எடுத்து வந்தாள், மூட்டு பிடித்துக்கொண்டது. நானும் மித்துவும் ஆளுக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட்டோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கூப்பிட்டால் வராதவள் என்று திட்டிக்கொண்டிருந்த பிள்ளை, கிட்டே போய்ச் சொன்னால் ஒரே சொல்லில் கேட்கிறாள். பிடிவாதமெல்லாம் எங்களுடையதுதான்.

பிப்ரவரி 26

இன்று மதினி செய்தது தியாகம். ஏழு மணி சீரியலில் மருமகள் வீட்டை விட்டுப் போகிற கட்டம். மித்து புத்தகத்தோடு வந்து மடியில் உட்கார்ந்தாள். மதினி டிவியை அணைத்தார்கள். அணைத்துவிட்டு அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, "இது என்ன? ஆனை. சொல்லு, ஆனை" என்றார்கள். அரை மணி நேரம். அதற்கப்புறம் மாடிவீட்டு அக்காவிடம் போய், மருமகள் போனாளா இல்லையா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

மார்ச் 9

மறுபடி சளி. நான் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். எனக்கு வந்த ஆத்திரத்தில், "எம்பிள்ளைக்கு மட்டும் ஏன்" என்று மதினியிடம் அழுதேன். ஆறுதல் சொல்வார்கள் என்று நினைத்தேன். "அழுறத அப்பறம் வச்சுக்க. மருந்த எடு. நாந் தலையப் பிடிக்கேன், நீ ஊத்து" என்றார்கள். ஊற்றினோம். இன்று ஐந்தில் நான்கு சொட்டு உள்ளே போனது.

மார்ச் 24

ஜெசிந்தா டீச்சர் வாரத்துக்கு ஒரு தடவை வந்து போகிறார். திட்டுவார் என்று நான் ஒளிந்துகொண்டதுதான் மிச்சம், ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் நான் என்ன சொன்னாலும் நம்புவதில்லை. "காலையில மருந்து விட்டேன் டீச்சர்" என்றால் மருந்துப் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார். நியாயம்தான்.

ஏப்ரல் 3

"சக்கர" என்றாள். "தக்கர" இல்லை. எனக்கு அப்படித் தோன்றியதா, நிஜமாகவே சொன்னாளா என்று தெரிந்துகொள்வதற்காக மறுபடி மறுபடி சொல்ல வைத்தேன். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சிட்டிகை சர்க்கரை கூலி வாங்கினாள். டப்பா பாதியாகிவிட்டது. இன்னும் நிச்சயமில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

ஆஸ்பத்திரி. என்னைக் கேட்காமலே பிள்ளைக்குப் பின்னால் நாற்காலி போட்டு வைத்திருந்தார் காது பார்க்கிற சார். உட்கார்ந்தேன். கட்டைகள் கூடையில் விழுந்துகொண்டே இருந்தன. நடுவில் இரண்டோ மூன்றோ தவறின. அவள் ஒரு தடவைகூடத் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளை திரும்பிப் பார்க்காததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

வலது காதில் தண்ணீர் இல்லை. இடது காதில் கொஞ்சம் மிச்சம், அதுவும் வற்றிக்கொண்டிருக்கிறது. குழாய் வேண்டாம். இன்னும் ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

"வீட்டுல எப்படி இருக்கா?" என்றார் டாக்டரம்மா.

நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரிசையில் இருபது பேர் நின்றார்கள். "ஏதோ இருக்கா டாக்டர்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது இவர், "நாக்குல என்ன பூட்டா போட்டிருக்கு?" என்றார். ஆமாம், பூட்டுதான். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே ஏழு நாள் நின்றவளுக்குத்தான் அது தெரியும். இவருக்கு அந்த வாரம் பிரஸ்ஸில் லீவு கொடுக்கவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

காலையில் தராசோடு டீச்சர் வந்துவிட்டார். மித்து முன்னறையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்து, பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அடுப்படிக்கு முதுகு. மேலே ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

நானும் மதினியும் அடுப்படியில். மதினி என் காதோடு காதாக, "டீச்சர் கேட்டா நாலு இட்லி தின்னான்னு சொல்லிப்புடாத. காது சரியான நேரம், இப்பத்தான் கண்ணு நெறையப் படும்" என்றார்கள். எனக்கே பாதிதான் கேட்டது. நானும் அதே மாதிரி குசுகுசுவென்று, "சொல்ல மாட்டேன் மதினி. ஒண்ணுமே சாப்பிடலன்னு சொல்லிருதேன்" என்றேன். காபியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்ன சாப்பிட்டா?" என்றார் டீச்சர் என்னைப் பார்த்து.

நான் வாயைத் திறப்பதற்குள் மித்து பொம்மையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "நான் நாலு இட்லி சாப்பிட்டேன். டீச்சர்கிட்ட சொல்லக் கூடாதாம். அத்தை சொன்னாங்க. அம்மாவும் சொல்ல மாட்டாங்களாம்."

டீச்சர் காபியை வாங்க நீட்டிய கை அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் மதினி, "சிவ சிவா" என்று அடுப்படிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மானம் போயிற்று என்று முதலில் தோன்றியது. அப்புறம்தான் புரிந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் குசுகுசுவென்றுதான் பேசினோம். எங்கள் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இல்லையென்றால் கொட்டியிருப்பேன். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, எது முன்னால் வந்தது என்று தெரியவில்லை. மாடிவீட்டு அக்கா படியில் நின்றார். எதிர்வீட்டு அம்மா வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றார். அதே எதிர்வீட்டு அம்மாதான். நிற்கட்டும்.

"ஆமா டீச்சர், நாலு இட்லி. அஞ்சாவதையும் கேட்டா, மாவு தீந்துபோச்சு" என்றேன். தெருவுக்கே கேட்கிற குரலில்தான் சொன்னேன். "சாயங்காலம் சத்துமாவு உருண்டை. அலமாரி ரெண்டாம் தட்டு வரைக்கும் ஏறுவா. நாலு வார்த்த சேத்துப் பேசுவா, நாப்பது வார்த்தையும் பேசுவா. பின்னால நின்னு முணுமுணுத்தாலும் கேக்குது டீச்சர். எம்பிள்ளைக்கு நல்லாக் கேக்குது. எம்பிள்ளை நல்லா இருக்கா."

மதினி ஓடிவந்து என் வாயைப் பொத்தினார்கள். அவர்கள் கண்ணிலும் தண்ணீர். டீச்சர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை எழுதுவது எதை விடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் மதினியின் கையை மெதுவாக விலக்கினேன். இன்னும் சொல்லி முடிக்கவில்லை.